விண்ணப்பம் என்று ஒரு சொல்

2021 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை. மூன்று நாளாக விடாத மழை. மறுநாள் ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அக்கா வந்து குடையை வாசலில் சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். (நீலகிரியில் அந்தப் பைக்குத் தடை என்று இருவருக்குமே தெரியும். ஆனால் அந்த மழையில் மனு நனையக் கூடாதே.)

கலெக்டருக்கு எழுதிய மனு அது. மேட்டிலிருந்து இறங்கும் ஓடை எங்கேயோ அடைபட்டிருக்கிறது, மழை வந்தால் முப்பது வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது, ஆய்வு செய்து வழி செய்யுங்கள் என்று இருந்தது. கீழே இருபது கையெழுத்துகள். அதில் பாதி கைநாட்டு.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர். படிச்சவங்க பேரு இருந்தா எடுபடும்."

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க்கா" என்றேன்.

அப்போது எனக்கு வயது ஐம்பது தாண்டியிருந்தது. இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் குடிமையியல் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் ஊராட்சியில் எனக்கு ஓட்டு இருக்கிறது. ஒரு ஓடையைப் பற்றிய மனுவில் கையெழுத்துப் போட எனக்கு எதற்கு ஆயரின் அனுமதி? அக்கா அப்படிக் கேட்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்று தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கோத்தகிரி பக்கம் மழை என்றால் அது வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை. மேற்கே குந்தா பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பயம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். அந்த வாரம் மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று கீழ்வீட்டு அக்காவின் சமையலறைச் சுவர் போனது. இரண்டு இரவு அவர்கள் எங்கள் ஆலயத்தில்தான் படுத்திருந்தார்கள். பாய் கொடுத்தோம், கஞ்சி கொடுத்தோம், போர்வை கொடுத்தோம். நாங்கள் நல்லவர்கள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பன்னிரண்டு வருடம் கழித்து அதே அக்கா அதே தண்ணீருக்காக ஒரு கையெழுத்துக் கேட்டபோது, பாய் கொடுத்த கைக்குப் பேனா பிடிக்கத் தெரியவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து கமிட்டியில் சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர், நல்ல மனுஷர்தான், இப்படிச் சொன்னார்: "டீச்சரம்மா, நமக்கு எதுக்கு இந்த வம்பு? நாம ஜெபம் பண்ணுவோம். சபை பேரு எதுலயும் வர வேண்டாம்." ஆயரும் தலையாட்டினார். உடனே ஜெபித்தோம். உருக்கமான ஜெபம், அதில் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், எங்கள் கல்லறைத் தோட்டத்துப் பாதையில் யாரோ வேலி போட்டுவிட்டார்கள். அப்போது இதே கமிட்டி இரண்டு வேன் வைத்து, ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் இருபது பேர் வெள்ளைப் புடவையில் நின்றோம். அன்று அதை வம்பு என்று யாரும் சொல்லவில்லை. மலையில் பல சபைகளின் கதை இதுதான் என்று நினைக்கிறேன். நமக்கு மனுப் போடத் தெரியும், அலுவலகப் படி ஏறத் தெரியும், யாரைப் பிடித்தால் காரியம் ஆகும் என்பதும் தெரியும். கல்லறைக்கு, ஆலயக் கட்டட அனுமதிக்கு, சாதிச் சான்றிதழுக்கு என்றால் எல்லாம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் குழாய்க்கு என்றால் மட்டும் நாம் பரலோகக் குடிமக்கள் ஆகிவிடுகிறோம்.

*

அந்த வாரம் முழுக்க ஒரு சொல் என்னைப் படுத்தியெடுத்தது. விண்ணப்பம்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லை இரண்டு இடத்தில் பயன்படுத்துகிறோம். ஆலயத்தில் "எங்கள் விண்ணப்பங்களைக் கேட்டருளும்" என்கிறோம். தாலுகா அலுவலகத்தில் "விண்ணப்பம் கொடுத்து மூணு மாசமாச்சு" என்கிறோம். கத்தோலிக்க நண்பர்கள் மன்றாட்டு என்பார்கள். அதுவும் மன்றில் நின்று வழக்காடியதிலிருந்து வந்த சொல்தான். ஊர் மன்றத்திலும் அரசன் முன்னாலும் பேசிய பாஷையைத்தான் நம் முன்னோர் எடுத்துக் கடவுளிடம் பேசினார்கள். நாம் கடவுளிடம் பேசுவதை மட்டும் வைத்துக்கொண்டு மன்றத்தைக் கைவிட்டோம்.

சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ணுவதற்கு இயேசு சொன்ன உவமை எது? லூக்கா 18. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்ற விதவை. அந்தப் பிரசங்கத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அவள் முழங்காலில் நிற்பதாகவே மனதில் படம் ஓடும். கதையில் அவள் முழங்காலில் இல்லை. அலுவலக வாசலில் நிற்கிறாள், "இன்னைக்கு ஐயா இல்ல, நாளைக்கு வா" என்பதைக் கேட்டுவிட்டு நாளைக்கும் வருகிறாள். ஜெபம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட இயேசுவுக்குக் கிடைத்த மாதிரி, கோர்ட்டுக்கு நடையாய் நடந்த ஒரு பெண்.

சரி, ரோமர் 13? அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று இருக்கிறதே? கமிட்டியில் இதைத்தான் முதலில் எடுத்துப் போட்டார்கள். அந்த நிருபத்தை எழுதிய பவுலையே பார்ப்போம். பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள், சத்தம் இல்லாமல் கிளம்பிப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், எங்களை அடித்தவர்களே நேரில் வந்து வெளியே கொண்டுபோய் விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு செசரியாவில் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடும் செய்தார். குடியுரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்று இவரைவிட யாரும் காட்டிக்கொடுக்க முடியாது.

இன்னொன்று. பவுல் காலத்தில் அதிகாரம் என்றால் ராயன். நம் நாட்டில் அரசமைப்புச் சட்டம் "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சியின் வரவுசெலவைக் கேட்கிற அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. அப்படியானால் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதில், கிராம சபை நாளில் போய் நாற்காலியில் உட்காருவதும் அடங்கும் இல்லையா? தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்கள் வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறும் தவறாமல் ஒரு சபைக்குப் போகிறோம். இந்த ஆறு நாளும் இன்னொரு சபைக்குப் போக நேரமில்லை.

*

என் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கையில் எங்கள் குடும்பமும் ஒன்று. மண்டபம் முகாம், அப்புறம் மலை. தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் தாத்தாவுக்கு வேலை கிடைத்தது. தாத்தா கடைசிவரை லைன் வீட்டு வாசலில் ஒரு மரம்கூட வைக்கவில்லை. "இது நம்ம இடமில்ல பாப்பா" என்பார். அங்கே இருந்தபோது இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே வந்ததும் சிலோன்காரன் என்றார்கள். கண்டியிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை அவர் கட்டிலுக்கு அடியில் பூட்டியே வைத்திருந்தார்.

எரேமியா 29ஆம் அதிகாரத்தை அந்தப் பெட்டி ஞாபகம் இல்லாமல் என்னால் வாசிக்க முடியாது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. இரண்டே வருடத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க இனிப்பாக இருந்திருக்கும். எரேமியாவோ எழுபது வருடம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதினார். அதோடு இதையும்: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்."

பட்டணத்தின் சமாதானம் என்றுதான் இருக்கிறது. சபையின் சமாதானம் என்று இல்லை. அந்தப் பட்டணத்துக்காரர்கள் யூதர்களும் இல்லை. முதலில் தேட வேண்டும், பிறகு விண்ணப்பம். நாங்கள் முதல் பாதியைத் தாண்டிக் குதித்து நேராக இரண்டாம் பாதிக்குப் போகிறவர்கள்.

பூட்டிய பெட்டி மனசு தாத்தாவோடு போகவில்லை. "நாம இங்க பரதேசிகள், நம்ம வீடு பரலோகத்துல" என்று நாங்கள் பாடும்போது அதில் விசுவாசம் எவ்வளவு, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

*

பயம் என்று ஒன்று இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். கமிட்டியில் வாயைத் திறக்காத ஒரு தம்பி வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "ஸ்டேன் சாமிக்கு என்னாச்சுன்னு பாத்தீங்கல்ல அக்கா?" பார்த்தேன். திருச்சிப் பக்கம் பிறந்த இயேசு சபைக் குரு. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக வாழ்க்கையைக் கொடுத்தவர். 2020 அக்டோபரில் 83 வயதில் கைது செய்தார்கள். நடுங்கும் கையால் டம்ளர் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். எங்கள் பேச்சு நடந்தபோது அது முடிந்து நான்கே மாதம். அந்தத் தம்பியைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் கேட்பது ஒரு ஓடைக்கு வழி. அதற்குக்கூட வாய் திறக்காமல் இருக்க அவருடைய மரணத்தைக் காரணமாகச் சொன்னால், அவருக்கு நாம் செய்யும் மரியாதையா அது?

நான் பிடித்துக்கொண்டது இன்னொருவரை. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், காந்தியோடு சேர்ந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், கடைசிவரை கிறிஸ்தவர். 1929-30இல் குஜராத்தின் மாதர் தாலுகாவில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். வரி எவ்வளவு, வருமானம் எவ்வளவு, மாடு எத்தனை என்று. கோஷத்தைவிட அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. எனக்குக் கத்த வராது. மதிப்பெண் பட்டியல் போட வரும்.

அடுத்த மாதம் அக்காவும் நானும் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு முப்பது வீட்டுக்கும் போனோம். தண்ணீர் எந்தச் சுவர் வழியாக வந்தது, எத்தனை அடி நின்றது, எந்த வருடம் என்று எழுதினோம். பதினோரு வீட்டில் என்னை முதன்முதலாக உள்ளே உட்காரச் சொன்னார்கள். முப்பது வருடமாக அதே வழியில் வேலைக்கு நடக்கிறேன்! ஹட்டிப் (படுகர் ஊர்) பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டார்: "உங்க சபைக்கு இதுல என்ன லாபம்மா?" நியாயமான கேள்வி. சபை என்னை அனுப்பவில்லை, நான் இந்த ஊர் வாக்காளர், அவ்வளவுதான் என்றேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஊர்க் காரியத்துக்குப் போகும்போது கையில் துண்டுப்பிரசுரம் இருக்கக் கூடாது. தண்ணீர் புகுந்த வீட்டில் போய் இதுதான் சமயம் என்று நோட்டீஸ் நீட்டுகிறவர், அந்த வீட்டுக்கு வருகிற அடுத்த பத்துக் கிறிஸ்தவர்களுக்கும் கதவை அடைத்துவிடுகிறார். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு மேடையிலிருந்து யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சாடைமாடையாகச் சொல்வதையும் ஊர்க் காரியம் என்று நான் எண்ணுவதில்லை. அது பேரம்.

கணக்கெடுத்தபின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு பக்கத் தாள், 30 நாள் கெடு. கேட்டது இரண்டே: அந்தச் சர்வே எண்களின் புலப்படமும் (நில அளவை வரைபடம்), எந்த நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டின் நகலும். முப்பது நாளில் வரவில்லை. மேல்முறையீடு போட்டோம். (விதவை ஞாபகம் வந்தாள்.) 2022 ஜூனில் தபால் வந்தது.

புலப்படத்தை விரித்து வைத்து அக்காவும் நானும் விரலால் ஓடையைத் தொட்டுக்கொண்டே மேலே போனோம். ஓடைப் புறம்போக்கு, மூன்று மீட்டர் அகலம், வளைந்து வளைந்து மேட்டுக்கு ஏறுகிறது. ஒரு இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அங்கே இருப்பது எங்கள் சமூகக்கூடம். ஆலயத்துக்குப் பின்னால் நாங்கள் காணிக்கை போட்டுக் கட்டியது. அதை ஒட்டிய சுற்றுச்சுவர் ஓடையின் குறுக்கே நிற்கிறது. 2009இல் நாங்கள் பாய் கொடுத்தோமே, கஞ்சி கொடுத்தோமே. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் அந்தச் சுவரைக் கட்டினோம்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வரைபடத்தை மடித்து என் கையில் கொடுத்து, "நீங்களே வச்சுக்கங்க டீச்சர்" என்றார்.

*

ஊட்டியோடு தொடர்புள்ள ஒரு வழக்கு உண்டு. அன்று இரவு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேரி ராய், சிரியன் கிறிஸ்தவர், ஊட்டியில் தன் அப்பாவின் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு தங்கியிருந்தவர். அந்த வீட்டைவிட்டு அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். 1916ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. உச்ச நீதிமன்றம்வரை போனார். 1986இல் மகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்பு வந்தது. அவரை எதிர்த்தவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய, சபைப் பெரியவர்கள் உட்பட. எண்ணாகமம் 27ஐத் திறந்தாலே போதும்: செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள் மோசேக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று, எங்கள் தகப்பன் நிலத்தில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான் என்று கடவுளே சொல்கிறார், சட்டமும் மாறுகிறது. பைபிளில் இருக்கும் பட்டா மனு அது. எந்தப் பெண்கள் கூட்டத்திலும் இதைப் பாடமாக எடுத்து நான் கேட்டதில்லை. நானும் எடுத்ததில்லை.

வரைபடத்தைக் கமிட்டியில் வைத்தேன். அடுத்த ஐந்து மாதத்தை விரிவாக எழுதினால் யாருக்கும் நல்லதில்லை. சர்வேயர் தப்பாக அளந்தார் என்றார்கள். மறுபடியும் அளந்தோம், அதே மூன்று மீட்டர். எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்கிறேன் என்றார்கள். ஒருவர் என்னை யூதாஸ் என்றார், அப்புறம் மன்னிப்பும் கேட்டார். ஆயர் மட்டும் ஒரு ஞாயிறு ஆமோஸ் 5ஐ எடுத்துப் பிரசங்கித்தார். பண்டிகைகளையும் பாட்டுகளையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது" என்று கடவுள் சொல்லும் இடம். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

2022 நவம்பர் 1 அன்று கிராம சபை. எங்கள் ஊராட்சிக்குக் குறைவெண் 200, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும். ஆள் சேராமல் பிறகு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். அன்று எங்கள் சபையிலிருந்து மட்டும் நாற்பது பேர் போய் உட்கார்ந்தோம், வெள்ளைப் புடவை கட்டாமல். அந்த மூத்த உறுப்பினர் எழுந்து, சுவர் எங்களுடையது, நாங்களே திறந்துவிடுகிறோம், ஆனால் கீழே ஓடை முழுக்கத் தூர்ந்து கிடக்கிறது, அதை ஊராட்சி எடுக்க வேண்டும் என்றார். அந்த ஹட்டிப் பெரியவர் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. தலைவர் கையெழுத்துப் போட்டார். வேலை முடிய இன்னும் ஒரு வருடம் ஆனது. அதற்கு அக்கா ஊராட்சி அலுவலகத்துக்கும் பிடிஓ ஆபீசுக்கும் பதினேழு தடவை நடந்தார். அவர் வாங்கிய ரசீதுகளை நான் தேதிவாரியாக நோட்டில் ஒட்டினேன். 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். நோட்டு எங்களிடம்தான் இருக்கிறது.

இப்போது ஓடை எங்கள் காம்பவுண்டுக்குள் திறந்தபடி ஓடுகிறது. ஐப்பசி ஞாயிறுகளில் அது போடுகிற சத்தத்தில் பின் வரிசைக்குப் பிரசங்கம் கேட்பதில்லை. புது ஸ்பீக்கர் வாங்கலாமா என்று போன மாதம் கமிட்டியில் பேச்சு வந்தது. முப்பதாயிரம் ஆகுமாம். இன்னும் முடிவாகவில்லை.